ஓக் மரமா, கான்கிரீட்டா?

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தில் தீப்பிடித்து, நடுக்காலத்து மரக்கூரையும், அதன்மேல் கூராக நின்ற கோபுர ஊசியும் விழுந்தன. கூரையை எதில் கட்டுவது என்ற கேள்விக்குப் பிரான்ஸிலேயே பழைய பதில் ஒன்று இருந்தது.

1914இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் ரான்ஸ் (Reims) நகரப் பேராலயத்தின் கூரை எரிந்தது. கட்டடக் கலைஞர் ஆன்ரி தெனூ அங்கே மரத்தை விட்டுவிட்டு, சின்னச் சின்ன கான்கிரீட் துண்டுகளை வார்த்துக் கோத்தார். எடை குறைவு, தீப்பிடிக்காது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டுகளை இறுக்கும் ஆப்புகள் மட்டும் ஓக் மரம்தான்! 1938இல் பேராலயம் முழுதாகத் திறந்தது.

பாரிஸ் மரத்தையே தேர்ந்தெடுத்தது. சுமார் 2,000 ஓக் மரங்களை வெட்டினார்கள். தச்சர்கள் பல உத்தரங்களைக் கோடரியாலேயே செதுக்கினார்கள். தரையிலிருந்து 96 மீட்டர் உயரத்தை எட்டும் ஊசியும் பழையபடியே எழுந்தது. 2024 டிசம்பரில் கதவு திறந்தது. சரி, மறுபடி தீப்பிடித்தால்? அதற்காகக் கூரைக்குள் தண்ணீரை மெல்லிய பனிபோலத் தெளிக்கும் குழாய்கள் வைத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு மட்டும் போதுமென்றால் ரான்ஸ் வழிதான் கெட்டி. ஆனால் கோடரி பிடிக்கத் தெரிந்த புதுத் தலைமுறை பாரிஸில்தான் கிடைத்தது. என் ஓட்டு அதற்கே.