பிரிக்ஃபீல்ட்ஸ் விசா கடை: கணக்கு கெட்டி, ‘அப்பீல்’ வெறும் பலகை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள இந்த விசா கடைக்கு மாடிப்படி ஏறியதும் கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்து: ‘கனடா விசா ரிஜெக்ட்டா? அப்பீல் செய்து தரப்படும்.’ வருகையாளர் விசாவுக்குக் கனடாவில் அப்பீலே கிடையாது. மறுப்பு தெரியவந்த 60 நாளுக்குள் அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டில் நீதிப் பரிசீலனை, அதாவது மறுத்த முடிவு முறையானதா என்று கோர்ட் பார்ப்பது, கேட்கலாம். அல்லது புதிதாக விண்ணப்பிக்கலாம். கடை செய்வது இரண்டாவதைத்தான். அதற்கு எதற்கு அந்தப் பலகை?

ஆனால் வருமானக் காகிதங்களில் இவர்கள் கெட்டி. சம்பளச் சீட்டு, இ.பி.எஃப் (தொழிலாளர் சேமநிதி) அறிக்கை, இஏ பாரம் (முதலாளி தரும் வருஷ வருமான அறிக்கை), பேங்க் கணக்கு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறார்கள். சீட்டில் 4,200 ரிங்கிட் சம்பளம், இ.பி.எஃப்பில் தொழிலாளி பங்கு 330 மட்டும் என்றால், பிடிப்பது 11 விழுக்காடு என்பதால், பார்ப்பவருக்குச் சம்பளமே 3,000தான் என்று படும். மீதி 1,200 ஓவர்டைம், அதற்கு இ.பி.எஃப் பிடிப்பதில்லை. இதை முதலாளி கடிதத்தில் ஒரு வரியில் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. மாதம் நாலாயிரம் ஓடிய கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் 30,000 விழுந்திருந்தால், அது வந்த வழிக்கும் காகிதம் கேட்கிறார்கள். 55 வயதில் எடுத்த இ.பி.எஃப் பணம் என்றால் அதன் அறிக்கை போதும். யாரிடமோ கைமாற்றாக வாங்கிப் போட்டதென்றால், போடாமலே இருந்திருக்கலாம்.

சொதப்புவது ஸ்கேனில். இணையத்தில் ஏற்றும் கோப்பு ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதால், ஆறு மாத பேங்க் கணக்கை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யச் சொன்னாலே அளவு இறங்கிவிடும். மலாய் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும். வீட்டு ஆள் செய்தது செல்லாது.

கட்டணத்தில் கவனம். மறுபடி விண்ணப்பிக்க 100 கனடா டாலர் கட்டத்தான் வேண்டும். கைரேகைக்கான 85 டாலரை இவர்கள் பில்லில் இரண்டாம் தடவையும் சேர்க்கிறார்கள். கைரேகை 10 வருஷம் செல்லும். பில்லில் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பெரிய குறை வேறு. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுகிறவர் கனடாவில் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பிரதிநிதி பாரத்தில் அவர் பெயர் வர வேண்டும். இங்கே அந்தப் பாரம் மேசைக்கே வருவதில்லை. அனுப்புமுன் முழு விண்ணப்பத்தையும் வாங்கிப் படியுங்கள். ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா’ என்பதற்கு ‘இல்லை’ என்று போட்டிருந்தால் ஐந்து வருஷத் தடை உங்கள் தலையில்தான், கடைக்காரர் தலையில் இல்லை.

பிள்ளை அங்கே பிரஜையோ நிரந்தரவாசியோ என்றால் பெற்றோருக்கு சூப்பர் விசா இருக்கிறது. ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். கடை இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதில் முக்கியமாகப் பார்ப்பது பிள்ளையின் வருமானத்தை. கூடவே ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத ஒரு வருஷ மருத்துவக் காப்புறுதி வேண்டும்.