இரண்டரை வருஷ பிரட்கிரம்ப்: ஏழாம் பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை

போன வாரம் பழைய டீமில் இருந்த தம்பி ஒருத்தர் மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, உங்க ஆப்ல டைனமிக் பிரட்கிரம்ப் போட்டீங்கல்ல, எப்படிப் போகுது? நாங்களும் போடலாம்னு பேசிட்டிருக்கோம்." (பிரட்கிரம்ப் என்பது பக்கத்தின் மேலே 'வாடிக்கையாளர் › ஒப்பந்தம் › இன்வாய்ஸ்' என்று நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் காட்டும் லிங்க் வரிசை. டைனமிக் என்றால் பக்கத்துக்கேற்பத் தானாக உருவாவது.) "நல்லாப் போகுதுப்பா" என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். அன்றைக்குக் காலையில்தான் அதே பிரட்கிரம்பை நான்காவது தடவையாகப் பிரித்து மாட்டியிருந்தேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஆப் ஒன்றும் பெரிய அதிசயமில்லை. கணக்குப் பிரிவினர் காலையில் திறந்து சாயங்காலம் வரை மூடாமல் வைத்திருக்கிற உள் ஆப். வாடிக்கையாளர்கள், அவர்களுடைய ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், ஒவ்வொரு இன்வாய்ஸுக்குள்ளும் பேமென்ட் வரலாறு. நாலைந்து அடுக்கு வரும். கட்டிய விதமும் ஊரறிந்ததுதான். எந்த யூஆர்எல்லுக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிற லைப்ரரி ரியாக்ட் ரவுட்டர். 2022 செப்டம்பரில் அதன் 6.4 பதிப்பு வந்து, பக்கத்துக்கு வேண்டிய தகவலையும் சேர்த்து எடுத்துவரும் டேட்டா ரவுட்டர் கிடைத்தது. ரூட்டுக்கு ரூட் (யூஆர்எல் வழிக்கு வழி) ஹேண்டில் என்ற குறிப்பில் ஒரு ஃபங்ஷன், லேஅவுட்டில் இப்போதைய பக்கத்துக்குரிய ரூட்களைப் பட்டியலிடும் யூஸ்மேட்சஸ் என்ற ஹூக், ஹேண்டில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டி லிங்க் ஆக்கினால் முடிந்தது. அந்த ஹூக்குக்கு அவர்கள் டாக்குமென்டேஷன் காட்டுகிற உதாரணமே பிரட்கிரம்ப்தான். மற்ற ஃப்ரேம்வொர்க்குகளான வியூவில் (Vue) ரூட்டின் மேட்ச்ட் பட்டியலும் மெட்டாவும், ஆங்குலரில் ரூட் டேட்டாவும் இதே வேலையைப் பார்க்கும். ஒரு மதிய வேலை, அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

கெட்டதைச் சொல்லுமுன் நல்லதைச் சொல்லிவிடுவது நியாயம்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது யூஆர்எல்லைச் சாய்கோட்டில் வெட்டி, வந்த துண்டுக்கெல்லாம் ஒரு பெயர் வைக்கிற கோட். நான் எழுதியதுதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆங்கிலத் துண்டுகளுக்கு ஒப்பேற்றிவிட்டது. ஒருநாள் யாரோ ஒரு பிரிவுக்குத் தமிழில் பெயர் வைத்தார்கள். திரையின் மேலே விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒரு ரயில் ஓடியது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மூன்று பைட், யூஆர்எல்லுக்குள் போகும்போது ஒரு பைட்டுக்கு மூன்று குறி. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு மெய்யும் குறியும் புள்ளியுமாக ஐந்து. யூஆர்எல்லில் அது 45 குறி. டீகோட் செய்தால் சரியாகிவிடும், செய்தேன். ஆனால் 4812 என்ற எண்ணை என்ன டீகோட் செய்தாலும் அது வாடிக்கையாளர் பெயராகாது. அதனால் பெயரைத் தனியாக ஃபெட்ச் செய்து போட்டேன். முதலில் எண் தெரியும், அரை நொடி கழித்துப் பெயர் வரும், பக்கத்தில் இருக்கிற லிங்கெல்லாம் வலதுபக்கம் குதிக்கும். அமுக்கப் போன விரல் வேறு எதையோ அமுக்கிவிடும்.

டேட்டா ரவுட்டருக்கு மாறியதும் இந்தத் தொல்லை அடியோடு போனது. பக்கத்துக்கு வேண்டிய தகவலை எடுத்துவரும் லோடர் முடிந்த பிறகுதான் பக்கமே மாறுகிறது. அதனால் பிரட்கிரம்ப் வரும்போதே பெயரோடு வருகிறது. இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. ஒரு வாடிக்கையாளர் பெயரில் எழுத்துப்பிழை, திருத்திச் சேமித்தோம். பக்கத்தில் பெயர் மாறியது, மேலே பிரட்கிரம்பிலும் தானாகவே மாறியது. ஆக்‌ஷன் (இங்கே, சேமிக்கிற வேலை) முடிந்ததும் லோடர்கள் மறுபடி ஓடும் என்பது ஏட்டில் படித்ததுதான். ஆனாலும் பழைய கோடில் இதற்காக ஸ்டோரில் மூன்று இடத்தில் பெயரை மாற்றி எழுதியவனுக்கு அந்தக் கணம் உள்ளம் குளிர்ந்தது. அந்த மூன்று இடத்தையும் டெலீட் செய்த கமிட்டை இன்னும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்தது ஸ்க்ரீன்ஷாட். "எரர் வருது" என்று ஒரு படம் மட்டும் அனுப்புவார்கள், வேறு ஒரு வரி இருக்காது. முன்பெல்லாம் எந்தப் பக்கம், யாருடைய இன்வாய்ஸ் என்று நாலு தடவை போன் போட வேண்டும். இப்போது படத்தின் மேல் விளிம்பிலேயே வாடிக்கையாளர், ஒப்பந்தம், இன்வாய்ஸ் எண் என்று முழு விலாசமும் இருக்கிறது. பிரட்கிரம்பை இதற்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அதனால் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

சின்னச் சின்ன இடறல்களும் இருந்தன. இன்டெக்ஸ் ரூட்டுக்கும் (ஒரு பிரிவின் முதல் பக்கத்துக்கும்) ஹேண்டில் வைத்துவிட்டால் "இன்வாய்ஸ்கள் › இன்வாய்ஸ்கள்" என்று இரட்டை வரும். நடுவில் போட்ட அம்புக்குறியை எழுத்தாகவே எழுதியிருந்ததால், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் அதையும் ஒரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தது. அதைத் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸுக்குத் தள்ளி, பட்டியலை வரிசைப் பட்டியலாக்கி, கடைசி லிங்கில், இதுதான் இப்போதைய பக்கம் என்று சொல்லும் ஏரியா-கரண்டுக்குப் 'பேஜ்' என்று கொடுத்ததும் ஒழுங்கானது. நீளமான பெயரைச் சுருக்க "பதினைந்து எழுத்தில் வெட்டு" என்று எழுதியிருந்தேன். "நிலுவைக் கட்டணம்" என்பது புள்ளியைப் பறிகொடுத்து "நிலுவைக் கட்டணம…" என்று நின்றது. கணினியின் கணக்கில் பதினாறாவது அந்தப் புள்ளிதான். தமிழை ஸ்லைஸ் போட்டு வெட்டாதீர்கள், இடம் போதாதபோது '…' போடுகிற சிஎஸ்எஸ்ஸின் எலிப்ஸிஸிடம் விட்டுவிடுங்கள். தேடல் முடிவில் பிரட்கிரம்பைக் காட்டக் கூகுளுக்குக் கொடுக்கும் பிரட்கிரம்ப்லிஸ்ட் ஸ்கீமா எங்களுக்குத் தேவைப்படவில்லை, லாகின் போட்டால்தான் ஆப்பே திறக்கும். பொதுத் தளம் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து மொபைல் தேடல் முடிவுகளில் கூகுள் அந்த வரிசையைக் காட்டுவதில்லை, டெஸ்க்டாப்பில் மட்டும்தான்.

சரி, இனி ஏழாம் பக்கம்.

கணக்குப் பிரிவில் ஒரு மேடம். இன்வாய்ஸ் பட்டியலைத் திறப்பார், 'நிலுவை' ஃபில்டர் போடுவார், மாதத்தைக் குறுக்குவார், தொகை வாரியாக அடுக்குவார், ஏழாம் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்து வருவார். அங்கே ஒரு இன்வாய்ஸைத் திறந்து சரிபார்த்துவிட்டு மேலே "இன்வாய்ஸ்கள்" என்பதை அமுக்குவார். முதல் பக்கம். ஃபில்டர் ஒன்றுமில்லை. ஆப் வெளியான முதல் வாரமே போன் வந்தது.

"தம்பி, நான் ஏழாம் பக்கத்துல இருந்தேன். மேல இருக்கறத அமுக்கினா முதல்ல கொண்டுபோய் விடுது."

"பிரவுசர்ல பேக் பட்டனை அமுக்குங்க மேடம், அப்படியே வரும்."

"அப்ப இது எதுக்கு இருக்கு?"

இரண்டரை வருஷமாக என்னிடம் பதில் இல்லாத கேள்வி இது.

புத்தகப் பதில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. தகவல் கட்டமைப்பு வல்லுநர் கீத் இன்ஸ்டோன் பிரட்கிரம்பை மூன்று வகையாகப் பிரித்தார்: பக்கம் தளத்தில் எங்கே இருக்கிறது என்பது, நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்பது, பொருளின் குணங்கள் என்ன என்பது. இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2007இல் எழுதியது முதல் வகைக்கு ஆதரவாக: அடுக்கைக் காட்டுங்கள், வந்த வழியைக் காட்டாதீர்கள், வந்த வழிக்குப் பேக் பட்டன் இருக்கிறது. நான் கட்டியது முதல் வகை. யூஸ்மேட்சஸ் தருகிற பாத்நேமில் (யூஆர்எல்லின் வழிப் பகுதியில்) கேள்விக்குறிக்குப் பிறகு வருகிற ஃபில்டர், பக்க எண் எதுவும் இருக்காது, இருக்கவும் கூடாது. எல்லாம் இலக்கணப்படி சரி. மேடம் மட்டும் இலக்கணம் படிக்கவில்லை. "இன்வாய்ஸ்கள்" என்று அவர் படிப்பது ஆப்பின் இன்வாய்ஸ் பட்டியலை அல்ல, அவர் அரை மணி நேரம் செதுக்கி வைத்த பட்டியலை.

முதல் ரிப்பேர்: பட்டியலிலிருந்து இன்வாய்ஸுக்குப் போகும் லிங்கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஸ்டேட்டில் அப்போதைய ஃபில்டரைச் சுருட்டி அனுப்பினேன். பிரட்கிரம்ப் அதை எடுத்து ஒட்டிக்கொள்ளும். ரீஃப்ரெஷ் செய்தாலும் தங்கும். ஆனால் இன்வாய்ஸுக்குள் இருந்து பேமென்ட் வரலாற்றுக்கு ஒரு அடி வைத்தால் அந்த லிங்கில் ஸ்டேட் இல்லை, போச்சு. ஒவ்வொரு லிங்கிலும் கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப வேண்டும், ஒருவர் மறந்தாலும் சங்கிலி அறும். எங்கள் டீமில் மறக்காதவர் யார்?

இரண்டாவது, யூஆர்எல்லிலேயே 'எங்கிருந்து' என்று ஒரு பராமீட்டர். நன்றாகவே ஓடியது, மேடம் தன் லிங்கை சகபணியாளருக்கு அனுப்பும் வரை. அவருக்கு மேடத்தின் ஏழாம் பக்கம் திறந்தது. அதோடு, அந்த பராமீட்டரில் முழு முகவரியையும் வாங்கிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தேன். கோட் ரிவ்யூவில் "வெளித் தளம் எதையாவது வைத்து அனுப்பினால் பிரட்கிரம்ப் அங்கே கூட்டிக்கொண்டு போகுமே" என்று ஒருத்தர் அமைதியாகக் கேட்டார். அன்றே எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, செஷன் ஸ்டோரேஜ், அதாவது ஒவ்வொரு டேபுக்கும் பிரவுசர் தனியாக வைத்திருக்கும் சேமிப்பு. ஒவ்வொரு பட்டியலும் தன் கடைசி ஃபில்டரை அதில் எழுதி வைக்கும், பிரட்கிரம்ப் அதைப் படிக்கும். லிங்குகள் எதையும் சுமக்க வேண்டாம். இதுதான் விடை என்று நினைத்தேன், டீம் மீட்டிங்கில் கொஞ்சம் பெருமையாகக்கூடப் பேசினேன். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இன்வாய்ஸைப் புது டேபில் திறந்தால் அந்த டேபின் ஸ்டோரேஜ் காலியாக இருக்கும், பிரட்கிரம்ப் பழையபடி முதல் பக்கத்துக்கே போகும். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை, புது டேப் என்றால் புதிதாகத்தானே தொடங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடம் மாதிரி ஆட்கள் ஒரே நேரத்தில் பத்து டேப் திறப்பவர்கள் என்பதை அப்போது வசதியாக மறந்திருந்தேன்.

போன வாரம் வந்த டிக்கெட்டின் தலைப்பு: "இன்வாய்ஸ்கள் காணாமல் போய்விட்டன."

வயிற்றைக் கலக்கியது. டேட்டாபேஸைப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. செஷன் ஸ்டோரேஜ் டேப் உயிரோடு இருக்கும் வரை உயிரோடு இருக்கும். நம்மவர்கள் டேபை மூடுவதே இல்லை. மூன்று நாள் முன்னால் போட்ட 'நிலுவை' ஃபில்டர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் பக்கத்தின் வழியாக வேறு ஒரு இன்வாய்ஸுக்கு வந்து, பிரட்கிரம்பில் "இன்வாய்ஸ்கள்" அமுக்கியிருக்கிறார்கள். முழுப் பட்டியலை எதிர்பார்த்த இடத்தில் பதினோரு வரி. ஃபில்டர் போட்டிருப்பதைக் காட்டும் சின்னச் சிப் திரையில் இருந்ததுதான், அதை யார் பார்க்கிறார்கள்? ஃபில்டர் தொலைந்தால் எரிச்சல்தான். இன்வாய்ஸே தொலைந்ததாகத் தோன்றினால் பீதி. எரிச்சலைத் தீர்க்கப் போய்ப் பீதியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

நான்காவது ரிப்பேரில் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டோரேஜைத் தூக்கிவிட்டு முதல் ரிப்பேருக்கே திரும்பினேன். லிங்க் ஸ்டேட். இந்தத் தடவை எங்கள் சொந்த லிங்க் காம்பொனென்ட் ஒன்றுக்குள் வைத்துவிட்டதால் கைமாற்ற மறக்கும் பேச்சு இல்லை. பட்டியலிலிருந்து வந்தவருக்கு மட்டும் அவர் பட்டியல், மற்றவர்களுக்கு முழுப் பட்டியல். புது டேபில் திறப்பவருக்கு இன்னும் ஏழாம் பக்கம் கிடையாது. மேடம் நேற்றும் போன் செய்தார்.

இதையெல்லாம் யோசித்துவிட்டுத் தம்பிக்குப் பதில் போட்டேன்: "வேண்டாம்ப்பா. பக்கத்துக்கு மேல 'பட்டியலுக்குத் திரும்பு'ன்னு ஒரே ஒரு பட்டன் போடு, போதும்." மேலே நான் அடுக்கிய நல்லதெல்லாம் எனக்கு ஞாபகத்தில்தான் இருந்தது. போன வருஷம் ஒரு ரிலீஸில் பிரட்கிரம்ப் தவறுதலாக மறைந்து, அரை மணி நேரத்துக்குள் நாலு பேர் தேடி வந்ததும் ஞாபகம் இருந்தது; அதில் ஒருவர் இந்த மேடம்தான். என் ஆப்பில் இருந்து அதை எடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் எழுதினேன், வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

உடனே பதில் வந்தது. "எங்க ஆப்ல ஆறு அடுக்கு இருக்கே அண்ணா, ஆறு பட்டனா போடறது?"

இன்னும் பதில் போடவில்லை.