ராம்நாட்டுல ரெண்டு நாள் ரெண்டு காரு: ஏழு இடம் பேக்கேஜும் நம்ம ஸ்டாண்ட் வண்டியும்

சென்னைல இருக்குற எங்க மதினிக்கு டே ட்ரிப்னா மகாபலிபுரம், ரொம்ப துணிஞ்சா பாண்டிச்சேரி, அவ்வளவுதான். அதே ஈசிஆர் ரோடு அப்படியே கீழ எறங்கி தொண்டி, தேவிபட்டினம் வழியா எங்க ஊரு ராமநாதபுரத்துக்கு வந்து தூத்துக்குடி வரைக்கும் போகுதுன்னு சொன்னா நெஜமாவான்னு கேக்குறாங்க. 2026ல குடியரசு தினம் திங்கக்கிழமைல வந்து மூணு நாள் லீவு சேந்து கெடைக்கவும் குடும்பத்தோட கெளம்பி வந்துட்டாங்க. ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் ரெண்டு தடவ பாத்தாச்சு, அதுவும் 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் தொறந்து ட்ரெயின் மறுபடி தீவுக்குள்ள போக ஆரம்பிச்சதுல இருந்து லீவு நாள்ல அங்க காலு வைக்க எடம் இல்ல, அதனால இந்த தடவ தீவு வேணாம், இந்தப் பக்கம் சுத்தலாம்னு முடிவாச்சு.

முடிவு நல்ல முடிவுதான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சென்னைல இருந்தே ஆன்லைன்ல ஒரு டிராவல்ஸ்ல "ஒரே நாளில் ஏழு இடங்கள்"னு ஒரு பேக்கேஜ போட்டுட்டு வந்தாங்க பாருங்க. டிராவல்ஸ் பேரு வேணாம், கத மட்டும் சொல்றேன்.

சனிக்கிழம காலைல ஆறரைக்கு வண்டின்னாங்க, வந்தது எட்டே முக்கால். நாங்க குளிச்சு கெளம்பி திண்ணைல உக்காந்து ரெண்டு தடவ காபி குடிச்சாச்சு, அத்தைக்கு பசியே வந்துருச்சு. மொதல்ல உத்தரகோசமங்கை. "மண் முந்தியோ மங்கை முந்தியோ"ன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, அவ்வளவு பழைய கோயில். மரகத நடராஜர் வருசம் முழுக்க சந்தனக்காப்புலயே இருப்பாரு, மார்கழி திருவாதிரை சமயத்துல மட்டும்தான் சந்தனத்த களைவாங்க, அன்னைக்கு வந்தீங்கன்னா கூட்டத்துல நடராஜர பாக்குறதுக்குள்ள நாம சந்தனமாயிருவோம். வேற எந்த சிவன் கோயில்லயும் சாத்தாத தாழம்பூ இங்க மட்டும் சாத்துவாங்கன்னு அத்தை சொல்லிக்கிட்டே வந்தாங்க. நல்லா நின்னு கும்பிட விடாம டிரைவர் வாசல்ல இருந்து போன் மேல போன், டைம் ஆச்சு டைம் ஆச்சுன்னு. சரி லேட்டா வந்ததால அவசரப்படுறாருன்னு நெனச்சா, அங்க இருந்து எறங்கி நேரா ஒரு சங்கு பாசி கடைல கொண்டு போய் நிறுத்துறாரு. முக்கா மணி நேரம்! அதுக்கு மட்டும் டைம் ஆகல. கமிஷன் இருக்கும், வேற என்ன.

அதுக்கு அப்பறம் திருப்புல்லாணி போனா மணி பன்னெண்டே முக்கால், நடை சாத்தியாச்சு. நம்ம பக்கம் கோயில் எல்லாம் மத்தியானம் சாத்தி சாயங்காலம்தான் தொறப்பாங்கன்னு சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும், டூர் போட்டுக் குடுக்குற ஆளுக்குத் தெரியாதா? ராமரு தர்ப்பைப்புல்லு மேல படுத்துருக்குற சன்னதி அங்க இருக்கு, அதப் பாக்கத்தான் அத்தை மெட்ராஸ்ல இருந்து வந்ததே. பூட்டுன கதவப் பாத்து கும்பிட்டுட்டு வந்தாங்க, எனக்கே சங்கடமா போச்சு. அப்பறம் ஒரு மணி வெயில்ல சேதுக்கரை, மணல்ல கால வைக்க முடியல, பையன் செருப்ப கழட்டிட்டு ஓடி அப்படியே திரும்பி ஓடி வந்தான். ஏர்வாடி தர்காவுல பத்து நிமிசம். கீழக்கரைய வண்டில இருந்தே காட்டுனாரு. அரியமான் பீச்சுக்கு போறப்போ இருட்டிருச்சு. ஏழாவது இடம் எதுன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியல, அந்த சங்குக் கடையவும் கணக்குல சேத்துட்டாங்க போல. கடைசில பேசுன காசு போக டிரைவர் பேட்டா தனி, ஏசி போட்டதுக்கு தனின்னு எழுநூறு ரூபா கூட வாங்கிட்டுத்தான் போனாரு. ஒரு ஸ்டார் குடுப்பேன், அதுவும் டயரு பஞ்சராகாம வந்ததுக்கு.

மறுநாள் என் ராஜ்ஜியம். எங்க தெருமுனை கார் ஸ்டாண்டுல வழக்கமா ஆஸ்பத்திரிக்கு கூப்புடுற தம்பியவே கூப்புட்டேன். அவரு கேட்ட மொத கேள்வியே "அக்கா, எத்தன எடம் வேணும், இல்ல ஒழுங்கா பாக்கணுமா?"ங்குறதுதான். பேட்டாவோட சேத்து மொத்தமா இவ்வளவுன்னு பேசிட்டு காலைல ஆறுக்கு கெளம்பியாச்சு. வடக்க காரங்காடு. உப்பூர் தாண்டி மெயின் ரோட்ட விட்டு கடல் பக்கம் திரும்புனா வருது, ஒரு மணி நேரத்துக்குள்ள போயிறலாம்.

காரங்காடு மீனவ கிராமம், வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள போட்டுல கூட்டிட்டு போறாங்க. இத நான் எத்தன பேர்கிட்ட சொன்னாலும் பிச்சாவரமான்னுதான் கேப்பாங்க. பிச்சாவரம் பெருசு, ஒத்துக்குறேன். ஆனா இங்க இருக்குற அமைதி வேற. லைஃப் ஜாக்கெட் மாட்டி உக்கார வச்சு போட்டு மெதுவா உள்ள போனா ரெண்டு பக்கமும் பச்ச சுவரு மாதிரி மரம், நீர்க்காகம் ரெக்கைய விரிச்சு காய வச்சுக்கிட்டு உக்காந்துருக்கு, சேத்துக்குள்ள இருந்து மூச்சு வேரு பென்சில நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல மேல நீட்டிக்கிட்டு நிக்குது. போட்டு ஓட்டுன அண்ணன் ஒரு எலைய பறிச்சு பையன்கிட்ட நீட்டி "நக்கிப் பாருடா"ன்னாரு. மதினி வேணாம் வேணாம்னு கத்துறதுக்குள்ள அவன் நக்கிட்டான், மூஞ்சி அஷ்டகோணல், "அம்மா உப்பு!" அந்த மரம் உறிஞ்சுற உப்புத்தண்ணில இருக்குற உப்ப எல வழியா வெளிய தள்ளுமாம், எலைய வெயில்ல சாச்சுப் பாத்தா பொடி உப்பு மினுங்குறது கண்ணுக்கே தெரியுது. அப்பறம் நாங்க எல்லாருமே ஆளுக்கொரு எல நக்குனோம், அத்தை உட்பட. நண்டும் எறாலும் குஞ்சுல வளர்றது இந்த வேருக்குள்ளதான், அதனால இந்தக் காட்டுல ஒரு கொப்ப ஒடிச்சாலும் ஊருக்குள்ள திட்டு விழும்னு அவரு சொன்னாரு.

முகத்துவாரம் தாண்டி கடலுக்குள்ள கொஞ்ச தூரம் போனோம், கொளம் மாதிரி கெடக்கு. இந்த பாக் நீரிணைப் பக்கத்த பெண்கடல்னும் அந்தப் பக்கம் மன்னார் வளைகுடாவ ஆண்கடல்னும் எங்க ஊர்ல சொல்லுவாங்க. ஆனா வாடைக்காத்து வேகமா அடிக்கிற நாள்ல பெண்கடலும் நல்லாவே பேசும், அதனால போறதுக்கு முன்னாடி போட்டு ஓடுதான்னு கேட்டுட்டு போங்க. சாப்பாடும் அப்படித்தான், முந்தின நாளே சொல்லி வச்சாத்தான் ஊர்ப் பொம்பளைங்க சமைச்சுத் தருவாங்க. நாங்க சொல்லி வச்சிருந்தோம். நண்டு சூப்பு, பொரிச்ச மீனு, எறா தொக்கு. எங்க ஊரு முண்டு மிளகாக் காரம், மதினி மூக்கு உறிஞ்சிக்கிட்டே ரெண்டாவது தடவ சோறு வாங்குனாங்க. கொற சொல்லணும்னா உக்காந்து சாப்புடுற எடத்துல நெழலு இன்னும் கொஞ்சம் இருக்கலாம், கை கழுவ தண்ணி வரத்தும் கம்மியா இருந்துச்சு.

வர்ற வழில தேவிபட்டினம், கடலுக்குள்ள நிக்குற நவபாஷாணம் ஒம்போது கல்ல சுத்திட்டு வந்தோம், பரிகாரம் பண்ண வந்தவங்க தண்ணில விட்டுட்டுப் போன துணிதான் கால்ல சிக்குது. வீட்டுல ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரிச்சு நாலு மணிக்கு மேல திருப்புல்லாணி. நடை தொறந்துருந்துச்சு. அத்தை கண்ணுல தண்ணி. தம்பி ஒரு தடவகூட போன் அடிக்கல, வெளிய டீ குடிச்சுக்கிட்டு நின்னாரு.

கடைசியா கீழக்கரை, தொதல்ங்குற இனிப்புக்காக. தேங்காப்பாலு, அரிசி மாவு, கருப்பட்டி போட்டு எண்ண பிரியுற வரைக்கும் மணிக்கணக்குல கிண்டுறது, கருகருன்னு பளபளன்னு இருக்கும், வெரல்ல ஒட்டுனா சோப்பு போட்டாத்தான் போகும். ஒரு கிலோ வாங்குனோம். பேப்பர்ல மட்டும் சுத்தி வாங்கிறாதீங்க, டப்பா கொண்டு போங்க, மதினியோட புதுப் பட்டுச்சேல பைக்குள்ள எண்ண எறங்கி அது ஒரு தனி பஞ்சாயத்து.

ஸ்டாண்ட் தம்பிக்கு அஞ்சு ஸ்டார், காரங்காட்டுக்கு நாலரை. அந்த டிராவல்ஸ்ல இருந்து "உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்"னு மதினிக்கு இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்காம்.