கிழட்டுப் பூனையின் வயிறும் ஃபோர்டிஃப்ளோரா பொட்டலமும்

எங்கள் வீட்டுப் பூனை பூந்திக்கு வயது 13. சிங்கப்பூர் யீஷூனில் ஒன்பதாவது மாடி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை விட்டு மருத்துவரிடம் போவதற்கு மட்டுமே இறங்கும். இங்கே நிறைய பூனைகளுக்கு இருப்பதுபோல வால் பாதியில் மடங்கி முடிச்சு விழுந்திருக்கும். 2024 செப்டம்பர் 1-க்கு முன்னால் வீவக வீட்டில் பூனை வளர்ப்பதே விதிமீறல் என்பதால் பத்து வருடமாக அதைக் காய்கறிப் பைக்குள் வைத்து மின்தூக்கியில் ஏற்றி இறக்கியிருக்கிறோம். இப்போது மைக்ரோசிப், உரிமம் எல்லாம் போட்டாகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்: பூனையின் வயிற்றுக்குக் கொடுக்கும் ஃபோர்டிஃப்ளோரா என்ற நல்ல பாக்டீரியாப் பொடி.

போன மாதம் அது வழக்கமாகச் சாப்பிடும் உணவு கடையில் தீர்ந்துபோனது. கையில் கிடைத்த வேறொன்றை வாங்கி அன்று ராத்திரியே கிண்ணத்தில் கொட்டினேன். உணவை மாற்றுவதென்றால் பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தும் செய்யவில்லை, தப்பு முழுக்க என்னுடையது. மூன்றாம் நாள் காலை மணல் பெட்டிக்குப் பக்கத்தில் தரை, கால்மிதி, அதன் பின்னங்கால் ரோமம் எல்லாமே மஞ்சள் கூழ். சோயாவில் செய்த டோஃபு மணல் வேறு அதில் ஊறிக் களிமண் மாதிரி ஒட்டிக்கொண்டது.

அம்மா உடனே ஓம வாட்டர் பாட்டிலோடு வந்துவிட்டார். நல்ல வேளை, தடுத்துவிட்டேன். ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமால் ஒரு ஃபீனால் வகைப் பொருள். அந்த வகையை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. நமக்கு மருந்தாகும் பல விஷயங்கள் பூனைக்கு விஷமாவது இதனால்தான், பாரசிட்டமால் உட்பட. அடுத்து குழம்புக் கோழியைக் கழுவிப் போடட்டுமா என்றார். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை, கழுவினாலும் சாறு உள்ளே இறங்கியிருக்கும். உப்பு, மஞ்சள்கூடப் போடாமல் தனியாக வேகவைத்த நெஞ்சுக்கறி போதும்.

மருத்துவர் மலத்தைப் பரிசோதித்துவிட்டுப் புழு எதுவும் இல்லை என்றார். கொஞ்ச நாளைக்கு வயிற்றுக்கு லேசான உணவும் கூடவே ஃபோர்டிஃப்ளோராவும் கொடுக்கச் சொன்னார். எடை பார்த்தபோது 4.1 கிலோ. போன வருடம் தடுப்பூசிக்குப் போனபோது 4.6. “வயசாயிடுச்சு, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடலாமே” என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். இதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி பொருளைப் பற்றி. பெட்டிக்குள் 30 பொட்டலம், ஒவ்வொன்றும் 1 கிராம், நாளுக்கு ஒன்று. உள்ளே இருப்பது என்டரோகாக்கஸ் ஃபேசியம் எஸ்எஃப்68 என்ற நல்ல பாக்டீரியா, அதோடு கொஞ்சம் வைட்டமின், டாரின், பூனைக்குப் பிடித்த இறைச்சிச் சுவைப் பொடி. கிழித்ததும் ஒரு வாடை வரும் பாருங்கள், கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி. விரல் நுனியில் ஒட்டினால் சோப்புப் போட்டுக் கழுவியும் மத்தியானம் வரை போகாது. ஆனால் இதன் வெற்றியே அந்த வாடைதான். மாத்திரையைக் கண்டால் சோபாவுக்கு அடியில் போய் ஒளியும் பூந்தி, பொட்டலம் கிழியும் சத்தத்துக்கு சமையலறைக்கு ஓடிவந்தது. பொடி தூவிய இடத்தை மட்டும் முதலில் நக்கிவிட்டுத்தான் மிச்சத்தைத் தின்னும். பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் சூடான கறியில் போடக் கூடாது, ஆறியதில்தான் தூவ வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பயந்து பெட்டியை பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன்.

அம்மாவுக்கு விலைதான் தாங்கவில்லை. ஒரு பொட்டலம் ஒரு கோப்பி விலைக்குப் பக்கத்தில் வருகிறது. “தயிருல இல்லாத பாக்டீரியாவா இதுல இருக்கு?” என்று தினமும் கேட்டார். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. பாலைவிடத் தயிரில் அது குறைவுதான், ஆனாலும் ஏற்கெனவே பேதியாகும் வயிற்றில் அந்தச் சோதனை வேண்டாம்.

வேலை செய்ததா? நான்காவது நாள் மலம் கெட்டிப்பட ஆரம்பித்தது, ஆறாவது நாள் பழையபடி ஆனது. இதில் பொடிக்கு எவ்வளவு பங்கு, கோழிக்கு எவ்வளவு, தானாகச் சரியானது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. காப்பகப் பூனைகளை வைத்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த பாக்டீரியா கொடுத்த கூட்டத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ பேதி நீடித்தவை 7.4%, கொடுக்காத கூட்டத்தில் 20.7%. ஆக, வெறும் மாவு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது காப்பகக் கூண்டில் இருந்த பூனைகளின் கணக்கு, வேறு நோய் உள்ளுக்குள் ஓடும் கிழட்டுப் பூனையின் கணக்கு இல்லை.

எனக்கு அந்த வித்தியாசம் மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. வயிறு சரியானதும் நான் ரத்தப் பரிசோதனையை மறந்தே போனேன். பூந்தி முன்னைவிட அதிகமாகச் சாப்பிட்டது, எங்களுக்கும் சந்தோஷம். ராத்திரி மூன்று மணிக்கு ஹாலில் நின்று ஒப்பாரி மாதிரி கத்தியது, வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். வாரம் இரண்டு முறை வாந்தி, ரோம உருண்டையாக இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் தூக்கியபோது முதுகெலும்பு கையில் கணுக்கணுவாகத் தட்டுப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தேன். 3.8 கிலோ.

ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது, தைராய்டு மிகையாகச் சுரக்கிறதாம். வயதான பூனைகளில் சர்வ சாதாரணமாக வருவது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, வாந்தி, பேதி, ராத்திரிக் கத்தல் எல்லாம் அதன் அடையாளம், ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனைப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது காலை மாலை அதைக் கட்டுப்படுத்தும் மெதிமசோல் மாத்திரை கொடுக்கிறோம். சில வாரத்தில் சிறுநீரகத்தையும் சேர்த்து மறுபடி ரத்தம் பார்க்கணும், ஏனென்றால் தைராய்டு ஏறியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகம் பாய்வதால் அங்கே உள்ள கோளாறு மறைந்திருக்குமாம்.

பொடி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. உணவு மாற்றத்தால் வந்த பேதிக்கு வாங்கினேன், அது நின்றது. திரும்ப வாங்குவேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்று குறைவது அந்த வாடைக்காக. உங்கள் பூனைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் பொடி வாங்கும் அதே நாளில் ரத்தமும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை, மலத்தில் ரத்தம், அல்லது தார் மாதிரி கறுப்பு என்றால் பொடி வாங்கவே போகாதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏற ஆரம்பித்துவிடும்.

டின்னில் இன்னும் நான்கைந்து பொட்டலம் மிச்சம். தைராய்டு மாத்திரையை மறைத்துக் கொடுக்க அந்தப் பொடி வாடை நன்றாகவே உதவுகிறது, இதை அட்டையில் எங்கேயும் போடவில்லை.