பவுலிங் போட்டிக்கு ஆறு வாரம்: ஸ்ட்ரைக்குக்கா, ஸ்பேருக்கா, எதற்கு நேரம் ஒதுக்குவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கிரிக்கெட் பந்துவீச்சு பற்றியது இல்லை. 60 அடி தள்ளி நிற்கும் பத்துப் பின்களைப் பந்தை உருட்டிச் சாய்க்கும் டென்பின் பவுலிங் பற்றியது. நண்பர்களோடு மாலில் ஆடத் தொடங்கி, அப்புறம் லீக்கில் சேர்ந்து, இப்போது முதன்முறையாகப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான சிக்கல் நேரம்தான். வேலை முடிந்து வந்து, காசு கட்டி லேன் எடுத்து ஆடுகிறவருக்கு வாரம் மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆறு வாரத்துக்கு மொத்தம் 18 மணி நேரம். அதை எப்படிப் பங்கு போடுவது?

ஸ்ட்ரைக்கா, ஸ்பேரா

பெரும்பாலானவர்கள் அந்த 18 மணி நேரத்தையும் ஸ்ட்ரைக்குக்கே கொடுத்துவிடுகிறார்கள். நானும் மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன். பத்தும் ஒரே அடியில் சாயும்போது வரும் சத்தம் அப்படி இழுக்கும். ஆனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரேம், ஃப்ரேமுக்கு இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் சாய்ந்தால் ஸ்ட்ரைக், இரண்டாவதில் மிச்சமும் சாய்ந்தால் ஸ்பேர். ஸ்பேருக்கு அடுத்த ஒரு பந்தில் விழுவதும், ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் கூடுதலாகச் சேரும். இப்போது ஒருவர் ஒரு ஸ்ட்ரைக்கூட அடிக்கவில்லை. பத்து ஃப்ரேமிலும் முதல் பந்தில் 9, இரண்டாம் பந்தில் மிச்சமிருக்கும் ஒன்றை எடுத்து ஸ்பேர், கடைசிப் பந்திலும் 9. அவருடைய ஸ்கோர் 190. இன்னொருவரும் எல்லா ஃப்ரேமிலும் அதே 9 அடிக்கிறார், ஆனால் மிச்சமிருக்கும் ஒன்றை ஒருமுறைகூட எடுக்கவில்லை. அவருக்கு 90. முதல் பந்தில் இரண்டு பேருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

ஸ்ட்ரைக் அடிக்கிறவர்களையும் பார்ப்போம். ஸ்ட்ரைக், ஸ்பேர் என்று மாறி மாறி அடித்து முடித்தால் சரியாக 200. அதே இடங்களில் ஐந்து ஸ்ட்ரைக்கும் விழுந்து, நடுவில் வரும் ஐந்து ஃப்ரேமிலும் 9 அடித்து ஸ்பேரை விட்டால் 140. ஐந்து ஸ்ட்ரைக் அடித்தவரிடம் 60 பின் காணாமல் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரைக் முழுவதும் உங்கள் கையில் இல்லை. பின்களுக்கு 1 முதல் 10 வரை எண் உண்டு: முதல் வரிசையில் தனியாக நிற்பது 1, கடைசி வரிசையின் இடது மூலை 7, வலது மூலை 10. வலது கைக்காரரின் பந்து சரியாக விழுந்தால் அது தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டும்தான். மற்ற ஆறையும் பின்கள் ஒன்றையொன்று இடித்தே சாய்க்க வேண்டும். நல்ல பந்துக்கும் 10-ம் எண் பின் அசையாமல் நிற்பது இதனால்தான். ஸ்பேரில், அதுவும் ஒற்றைப் பின் ஸ்பேரில், அப்படி இல்லை. பந்து தொட்டால் விழும், தொடாவிட்டால் நிற்கும். பயிற்சி நேரடியாகப் பலன் தரும் இடம் அது.

அதனால் என் பங்கீடு இப்படி: பாதிக்கு மேல், அதாவது 18-ல் பத்து மணி நேரம், ஸ்பேருக்கு. ஏற்கெனவே ஒற்றைப் பின்னைப் பத்துக்கு ஒன்பது முறை எடுக்கிறவர் மட்டும் இதை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பேருக்கு எந்தப் பந்து

ஸ்ட்ரைக்குக்கு ஆடும் ரியாக்டிவ் பந்தையே (லேனைப் பிடித்து நன்றாக வளையும் பந்து) ஸ்பேருக்கும் வளைத்து ஆடுவது ஒரு வழி. ஸ்பேருக்கென்று வளையாத பிளாஸ்டிக் பந்து ஒன்று வைத்துக்கொள்வது இன்னொரு வழி. முதல் வழியில் செலவு குறைவு, தூக்கிக்கொண்டு போக ஒரு பந்து போதும், கைக்குப் பழகிய ஒரே வீச்சு. இடது பக்கப் பின்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஸ்ட்ரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து 2-ம் எண்ணுக்கு மூன்று பலகை (லேனில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய பட்டைகள்), 4-ம் எண்ணுக்கு ஆறு பலகை, 7-ம் எண்ணுக்கு ஒன்பது பலகை வலப்பக்கம் தள்ளி நின்று, லேனில் போட்டிருக்கும் அதே அம்புக்குறியைப் பார்த்து உருட்டினால் போதும். 3-6-9 என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்லித்தருவது இதைத்தான்.

சிக்கல் 10-ம் எண்ணில் வருகிறது. லேனின் அகலம் 41.5 அங்குலம். கடைசி வரிசையில் 7-க்கும் 10-க்கும் இடையே 36 அங்குலம். அப்படியானால் 10-ம் எண் பின்னின் மையத்துக்கும் லேனின் ஓரப் பள்ளமான சாக்கடைக்கும் நடுவே இருப்பது 2.75 அங்குலம்தான். நடுவில் நிற்கும் பின்னை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ தொட்டுவிடலாம். லேசான உரசலையும் சேர்த்தால் பந்துக்கு 13 அங்குலம் இடம் கிடைக்கும். 10-ம் எண்ணுக்கு வெளிப்பக்கத்தைச் சாக்கடை வெட்டிவிடுவதால் 9 அங்குலம் சொச்சம்தான். அந்த 9 அங்குலத்துக்குள், கடைசி 20 அடியில் இடப்பக்கம் திரும்பத் துடிக்கும் பந்தை அனுப்ப வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போட்டியின் தகுதிச் சுற்று. ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது ஃப்ரேம், 10-ம் எண் மட்டும் நிற்கிறது. காலையில் அதே பந்தால், அதே இடத்தில் நின்று மூன்று முறை எடுத்திருந்தேன். கை சுத்தமாக வந்தது, அம்புக்குறிகளுக்கு நடுவே நான் பார்த்த பலகையின் மேலேயே பந்து போனது. ஆனால் பந்து வழுக்கிப் போக லேனில் பூசும் எண்ணெய், அந்தப் பாதையில் ஐந்து ஆட்டத்தில் தேய்ந்திருந்தது. முக்கால் லேன் தாண்டியதும் பந்து மெல்லத் திரும்பியது. பின்னுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி. பின் ஆடக்கூட இல்லை. அடுத்த ஃப்ரேமின் முதல் பந்து ஸ்ட்ரைக் என்பதால் அந்த ஒரு ஸ்பேருக்கு எனக்குப் போனது 11 பின். அடுத்த சுற்றுக்குப் போக முடியாமல் நின்றது 4 பின்னில்.

அடுத்த வாரமே பிளாஸ்டிக் பந்து வாங்கினேன். அது எண்ணெயைப் பற்றிக் கவலைப்படாது. காலையிலும் மாலையிலும், தேய்ந்த லேனிலும் புது லேனிலும் ஏறக்குறைய நேராகவே போகும். மணிக்கட்டைத் தளர விட்டு, கை குலுக்குவதுபோல் நீட்டி, லேனின் இடப்பக்க ஓரத்தில் நின்று குறுக்காக உருட்டினால் போதும். பழக மூன்று வாரம் ஆனது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு வாங்கியிருந்தால் பயன்பட்டிருக்காது. ஆறு வாரம் இருப்பவர் இன்றே வாங்கிவிடலாம். சொந்தப் பந்துக்கு இப்போது வசதியில்லை என்றால், அரங்கில் பொதுவாக வைத்திருக்கும் பந்துகளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். விரல் துளை பொருந்துவதாக ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆடலாம்.

வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியரின் பெயர் இங்கே வந்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை பவுலிங் சுற்றான பிபிஏவில் 47 பட்டம், அதுவே சாதனை. பந்தைப் பெரிதாக வளைத்தவர் இல்லை, குறி தவறாதவர். குதிரை லாடம் எறியும் விளையாட்டிலும் அவர் உலகச் சாம்பியன் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

முழு ஆட்டமா, துண்டுப் பயிற்சியா

முழு ஆட்டம் ஆடினால் ஸ்கோர் தெரியும், மனதும் ஓட்டத்துக்கு வரும். ஆனால் ஓர் ஆட்டத்தில் 10-ம் எண் தனியாக நிற்பது இரண்டு அல்லது மூன்று முறைதான். மாதக்கணக்கில் ஆடினாலும் அந்த ஒரு பந்தில் கை படியாது.

துண்டுப் பயிற்சிக்கு இயந்திரம் ஒற்றைப் பின்னை நிறுத்தித் தர வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை. பத்துப் பின்னும் நிற்கட்டும். முதல் பந்தை 10-ம் எண்ணுக்கு மட்டும் உருட்டுங்கள், இரண்டாவதை 7-ம் எண்ணுக்கு. நடுவில் நிற்பவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். ஓர் ஆட்டத்தின் காசில் இருபது மூலைப் பந்து கிடைக்கும். திரையில் ஸ்கோர் 30, 40 என்று காட்டும், காட்டட்டும். உங்கள் கணக்கைத் தாளில் வையுங்கள்: 10-ம் எண் எத்தனைக்கு எத்தனை, 7-ம் எண் எத்தனைக்கு எத்தனை.

முழு ஆட்டத்தை அடியோடு ஒதுக்கவும் முடியாது. எண்ணெய் தேயத் தேய லேன் மாறுவதைத் துண்டுப் பயிற்சியில் படிக்க முடியாது. நான்கு ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஆடினால்தான், பந்து சீக்கிரம் திரும்பத் தொடங்கும் கணம் கண்ணில் படும், பாதத்தை இரண்டு பலகையும் குறியை ஒரு பலகையும் இடப்பக்கம் நகர்த்தும் பழக்கம் வரும். அதனால் முதல் நான்கு வாரம் துண்டு, கடைசி இரண்டு வாரம் போட்டியில் எத்தனை ஆட்டமோ அத்தனையையும் ஒரே மூச்சில் ஆடுவது. எனக்குப் பிடித்த வரிசை இது.

வழக்கமான லேனா, போட்டி லேனா

லேனில் எண்ணெய் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. தினசரி ஆட்டத்துக்குப் பூசும் எண்ணெய் நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் இருக்கும். எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்ற விகிதம். பந்து தவறி வெளியே போனால் காய்ந்த ஓரம் அதை உள்ளே திருப்பிவிடும். தவறி நடுவே போனால் எண்ணெய் அதை அதிகம் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். தவறிய பந்தும் சரியான இடத்துக்கே வந்துசேரும். போட்டிக்குப் பூசும் கடினமான வடிவங்களில் அந்த விகிதம் மூன்றுக்கு ஒன்று, அதற்கும் கீழே. தவறினால் தவறியதுதான். வழக்கமான லேனில் 180 எடுக்கிறவர் அங்கே இருபது முப்பது பின் இறங்குவது சாதாரணம்.

எந்த வடிவம் என்று ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே அறிவித்தால், எண்ணெய் எத்தனை அடி நீளம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 31-ஐக் கழித்தால், எண்ணெய் முடியும் இடத்தில் பந்து எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்பது தோராயமாக வந்துவிடும். 35 அடி என்றால் வலது ஓரத்திலிருந்து 4-ம் பலகை, சாக்கடையை ஒட்டி. 42 அடி என்றால் 11-ம் பலகை.

நிர்வாகத்திடம் கேட்டால் கூட்டம் இல்லாத வேளையில் இரண்டு லேனுக்கு அந்த எண்ணெயைப் பூசித் தருவார்கள் என்றால், எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம். முடியாது என்றால், வழக்கமான லேனிலேயே ஒவ்வொரு அம்புக்குறி வழியாகவும் பத்துப் பந்து உருட்டி, எல்லாப் பாதையிலிருந்தும் பாக்கெட்டுக்கு, அதாவது 1-க்கும் 3-க்கும் நடுவே, வரப் பழகுங்கள். போட்டி லேனுக்கு ஈடாகாது, ஆனால் ஒரே கோட்டில் ஆறு வாரம் ஆடிவிட்டுப் போவதைவிட எவ்வளவோ மேல்.

சின்னச் சின்னக் கேள்விகள்

புதுப் பந்தா, பழைய பந்தா: ஸ்ட்ரைக்குக்குப் பழைய பந்துதான். அதன் மேற்பரப்பில் சேர்ந்த எண்ணெயை எடுத்து, தேய்த்துப் புதுப்பித்தாலே பாதி உயிர் திரும்பும். அதைப் போட்டிக்கு முன்பே செய்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் மேற்பரப்பை மாற்ற விதி அனுமதிக்காது. அமெரிக்கச் சங்கமான யூஎஸ்பிசி 2019 ஆகஸ்டில் ஆட்டத்தின் நடுவே திரவம் போட்டுத் துடைப்பதையும் தடை செய்தது, உலர்ந்த துண்டு மட்டும்தான் என்றது. இப்போதைய விதியை ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கையா, இரு கையா: ஆஸ்திரேலியரான ஜேசன் பெல்மான்ட்டே இரு கையால் ஆடி, பிபிஏ மேஜர் பட்டங்களை வேறு எவரையும் விட அதிகமாக வென்றிருக்கிறார். நல்ல முறைதான். ஆனால் ஆறு வாரத்தில் மாறுகிற விஷயம் இல்லை. எதில் ஆடுகிறீர்களோ அதிலேயே போங்கள்.

கயிறு கட்டிய பின்னா, கயிறில்லாததா: இதைக் கட்டாயம் விசாரியுங்கள். சில அரங்குகளில் பின்களின் தலையில் கயிறு கட்டி, இயந்திரம் அதை இழுத்து நிறுத்தும். அந்தப் பின்கள் விழும் விதமே வேறு. யூஎஸ்பிசி 2023-ல் அதைத் தனி வகையாகவே அங்கீகரித்தது. போட்டி எதில் நடக்கிறதோ அதில் இரண்டு மூன்று நாளாவது ஆடிவிட்டுப் போக வேண்டும்.

கடைசியாக, போட்டி தொடங்கும் முன் கொடுக்கும் பத்து நிமிட ஒத்திகை. எல்லோரும் ஸ்ட்ரைக் அடித்துப் பார்க்கிறார்கள். நான் முதல் மூன்று பந்தை வெவ்வேறு பாதையில் விட்டு எங்கே திரும்புகிறது என்று பார்ப்பேன், எத்தனை விழுந்தது என்று எண்ண மாட்டேன். அப்புறம் இரண்டு பந்து ஸ்ட்ரைக்குக்கு. கடைசிப் பந்து பிளாஸ்டிக், 10-ம் எண்ணுக்கு.

என் அடுத்த போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. போன சனிக்கிழமை எழுதிவைத்த தாளில் 10-ம் எண் நாற்பதுக்கு முப்பத்து நான்கு, 7-ம் எண் நாற்பதுக்கு இருபத்தாறு. வரும் சனிக்கிழமை 7-ம் எண்ணில் தொடங்குகிறேன்.