என் குரல் எனக்கே கேட்ட மேடை: யமஹா டிபிஆர்10

பதினெட்டு வருடமாகக் கோயில் கொடைகளில் பாடுகிறேன். போன வருடம் ஒரு கச்சேரியில் வாடகைக்கு வந்த மானிட்டரில், அதாவது பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. சரணத்தில் சுருதி விலகியது எனக்கே தெரியவில்லை. தபேலா வாசிக்கும் அண்ணன் கையைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. அப்புறம்தான் சொந்தமாக இரண்டு டிபிஆர்10 ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கினேன்.

ஒன்று பத்தரை கிலோ. ஒரு கையால் தூக்கி வேனில் வைத்துவிடலாம். பக்கவாட்டில் படுக்க வைத்தால் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். பின்னால் டி-கான்டூர் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதை 'மானிட்டர்' பக்கம் தள்ளுங்கள். தரையில் வைக்கும் பெட்டியில் பேஸ் தானாகக் கூடிவிடும், அதை இது அடக்கும். பாட்டின் சொற்கள் தெளிவாக வருகின்றன.

வைக்கும் இடம்தான் முக்கியம். என் மைக் எஸ்எம்58, கார்டியாய்டு, அதாவது முன்னால் வரும் சத்தத்தை அதிகம் வாங்கும் வகை. அதன் வால் பக்கம்தான் சத்தத்தை மிகக் குறைவாக வாங்கும். அதனால் பெட்டி எனக்கு நேர் எதிரே இருக்கும். எங்கள் குழுத் தம்பியிடம் இருப்பது பீட்டா 58ஏ, சூப்பர் கார்டியாய்டு, அது வால் பக்கமும் கொஞ்சம் சத்தம் வாங்கும். அவனுக்கு நேரே வைத்தால் பெட்டியின் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்து சீக்கிரம் கூவிவிடும், கொஞ்சம் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். மைக் தலையைக் கையால் பொத்தினால் எந்தப் பெட்டியும் கத்தும்.

மிக்சரில் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் கேட்டு வாங்குங்கள், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே பிரிந்து நம் பெட்டிக்கு வரும் லைன். வெளியே ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் நம் பெட்டி மாறாது. என் பெட்டியில் என் குரலும் கீபோர்டும் மட்டும்தான். போன மாதம் நான்கு மணி நேரம் பாடினேன், தொண்டை கட்டவில்லை.