பவளம் வெளுத்தபின்: வண்ணத்துப்பூச்சி மீனும் கிளிமீனும்

கடல் சூடேறினால் பவளம் தன்னுள் வாழ்ந்து உணவூட்டும் பாசியை இழந்து வெளுக்கும்; வெளுப்பு நீடித்தால் செத்தும் போகும். அப்போது எல்லா மீனும் ஒரேபோலத் திண்டாடுவதில்லை. உயிருள்ள பவளத்தைக் கொத்தித் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்குத்தான் முதல் அடி. 2016-இல் நேர்ந்த பெரும் பவள வெளுப்புக்குப் பின் அவற்றுக்குள் சண்டையே வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இரை அருகியபின் எல்லைக்காக மல்லுக்கட்டத் தெம்பு ஏது? அதிலும் அக்ரோபோரா என்னும் பவள வகையையே பெரிதும் நம்பும் இனங்களின் பாடு படுமோசம்.

கிளிமீன் கதை வேறு. செத்த பவளத்தின் மேல் படரும் பாசியையும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பதால், வெளுப்புக்குப் பின் சில பவளத்திட்டுகளில் அது பெருகவே செய்திருக்கிறது. சுரண்டிய இடத்தில் புதுப் பவளம் ஒட்டவும் வழி பிறக்கிறது. சரி, கிளிமீன் தப்பித்துவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் பவள எலும்புக்கூடு நொறுங்கினால் மறைவிடம் போய்விடும். அதன் குஞ்சுகள் வேட்டை மீன்களிடம் எளிதில் மாட்டும்.